நேரலையாரும் பத்தொன்பது தடைகளும்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால் மட்டும் போதாது, நேரலையாரும் சொல்ல வேண்டும். அவருடைய லிங்க் வந்து சேரும்வரை குவைத்தில் இருக்கும் மகன் அழ ஆரம்பிக்க மாட்டான். சிங்கப்பூரில் இருக்கும் மருமகள் லீவு கேட்க மாட்டாள். திருப்பூரில் இருக்கும் பங்காளிகள், “லைவ் இன்னும் வரலையே, அப்ப உசுரு இருக்கும்” என்று நிம்மதியாகக் கறிக்குழம்பு சாப்பிட்டு முடிப்பார்கள்.

ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள், அதிகம். வீட்டுக்கு ஒருவர் வாத்தியார், ஒருவர் வயலில், ஒருவர் வெளிநாட்டில் என்பது கணக்கு. நான் முதல் வகை. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிப்பதும் நான்தான், ஏனென்றால் ‘ள’வையும் ‘ழ’வையும் நான் கலப்பதில்லை. இந்தத் தகுதியைப் பார்த்துத்தான் நேரலையார் என்னைத் தன் சேனலுக்குச் சம்பளமில்லாத ‘சவுண்டு செக்’ ஆக நியமித்தார். அவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பார். நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து, என் போனில் அதே நேரலையைப் பார்த்து, சத்தம் வருகிறதா என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

அவருடைய உண்மையான பெயர் ஞானஸ்நானப் புத்தகத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும். உபதேசியார் என்று மரியாதையாகச் சொல்வதுபோல நேரலையார் என்று ஊர் சொல்லிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய வயது. பஸ் ஸ்டாப்பை ஒட்டி மைக்செட் கடை. சட்டைப் பையில் ஒரு போன், கையில் ஒரு போன், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் போன் ஒன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “மத்தவங்க கல்யாணத்தப் போட்டுக் காட்டவே நேரம் பத்தல” என்பார்.

கொரோனா வந்து யாரும் யார் சாவுக்கும் போக முடியாமல் ஆனபோதுதான் இந்தத் தொழிலே பிறந்தது. முதல் நேரலை, ஊரில் பெரிய வாத்தியார் என்று பேர் பெற்ற ஒருவரின் அடக்கத்துக்கு. நேரலையார் குடைக்கம்பியில் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, குடையை நாற்காலியில் கட்டிவிட்டு, ஓரமாகப் போய்ப் பயபக்தியோடு முழங்காலில் நின்றுவிட்டார். குடை சரிந்ததை அவர் கவனிக்கவில்லை. மூன்று மணி நேரம் குவைத்தும் துபாயும் சிங்கப்பூரும் சேர்ந்து சீலிங் ஃபேனுக்கு ஜெபமாலை சொன்னார்கள்.

மறுநாள் குவைத்திலிருந்து பெரிய வாத்தியாரின் மகன் போன் செய்தான். நேரலையார் திட்டு வாங்கத் தயாராக எடுத்தார்.

“அண்ணே, அது எங்கப்பா மொத சம்பளத்துல வாங்கி மாட்டுன ஃபேனுண்ணே. கடைசிவரைக்கும் நிக்காம ஓடுச்சு பாத்தீங்களா? நல்லாருந்துச்சுண்ணே.”

அந்த ‘நல்லாருந்துச்சு’தான் அவரைக் கெடுத்தது. அன்றோடு மைக்செட் கடை பெயருக்குத்தான் மைக்செட் கடை. பகலெல்லாம் உட்கார்ந்து உலகத்தில் யார் யார் எப்படி எப்படி வீடியோ எடுக்கிறார்கள் என்று பார்ப்பார். நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த எவனோ ஒருவன் எங்கோ ஓர் ஊரில் எழுந்து நடந்துகொண்டே பேச ஆரம்பித்தால், அதற்கு எங்கள் ஊரில் ஒரு விசேஷம் பலியாகும். காலையில் என்னைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்து, “டீச்சர், ட்ரெண்டு மாறிருச்சு” என்று அவர் சொன்னாரென்றால், அந்த வாரம் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று நான் மனதுக்குள் தேட ஆரம்பித்துவிடுவேன்.

முதலில் வந்தது ‘வணக்கம் மக்களே’ காலம். கேமராவுக்குப் பின்னாலிருந்து துள்ளலாகப் பேச வேண்டும், எங்கே போனாலும் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். அந்த வாரம் பார்த்து அருளப்பன் அண்ணன் தவறிவிட்டார்.

“வணக்கம் மக்களே! இன்னைக்கு நம்ம எங்க வந்திருக்கோம்னா, நம்ம அருளப்பன் அண்ணன் எழவு வீட்டுக்கு வந்திருக்கோம்! வாங்க, உள்ள என்ன இருக்குன்னு போயிப் பாக்கலாம்!”

உள்ளே அருளப்பன் அண்ணன்தான் இருந்தார். வேறு என்ன இருக்கும்? நேரலையார் அடுப்படியைக் காட்டி, மாட்டுக் கொட்டகையைக் காட்டி, கடைசியில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணியிடம் வந்து போனை நீட்டினார்.

“சொல்லுங்க, இப்ப எப்புடி ஃபீல் பண்றீங்க?”

அண்ணி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “நீ கொஞ்சம் அங்கிட்டு நகந்தா காத்து வரும்யா.”

அடுத்து வந்தது முகப்புப் படக் காலம். வீடியோவுக்குள் என்ன இருந்தாலும் சரி, வெளியே ஒட்டும் படத்தில் சிவப்பு அம்புக்குறியும் பெரிய எழுத்தும் இருக்க வேண்டும். ஊரில் ஒருவர் புது வீடு கட்டி மந்திரிப்பு வைத்தார். சாமியார் வந்தார், ஜெபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார், காபி குடித்தார், போய்விட்டார். மறுநாள் நேரலையார் சேனலில் இப்படித் தலைப்பு: ‘ஃபாதர் செய்த காரியம்! உறைந்துபோன குடும்பம்! கடைசி வரை பாருங்கள்!’ அம்புக்குறி சாமியாரின் கையைக் காட்டிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்துச் சாமியார்கள் அத்தனை பேரும் எங்கள் சாமியாருக்குப் போன் செய்து ஆறுதல் சொல்லிவிட்டார்கள். பூசை முடிந்ததும் அவர் நேரலையாரைக் கூப்பிட்டார்.

“ஏங்க, நான் என்ன செஞ்சேன்?”

“தீர்த்தம் தெளிச்சீங்க சாமி.”

“குடும்பம் ஏன் ஒறஞ்சு போச்சு?”

“தண்ணி சில்லுன்னு இருந்துச்சுங்க சாமி.”

சாமியார் தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சத்தம் போடாமல் சத்தம் காட்டும் ஒரு காலம் வந்தது. ஒருவர் முறுக்குக் கடிப்பதையும் காகிதம் கசக்குவதையும் காதோடு வைத்துக் கேட்பதற்கு உலகத்தில் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்களாம். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் மைக்கை இலைக்கு அருகில் வைத்து, பந்தி முழுவதையும் வாயைத் திறக்காதே என்று அதட்டிவிட்டார். சாப்பாட்டில் பேர் போன சவரிமுத்து அண்ணனை நடுவில் உட்கார வைத்து, அப்பளத்தை ஒன்றன்பின் ஒன்றாக நொறுக்கச் சொன்னார். “இன்னொண்ணு. இது கொஞ்சம் நமுத்துப்போச்சு. இன்னொண்ணு.” சவரிமுத்து அண்ணன் கடமை தவறாதவர். மூன்றாம் பந்திக்கு அப்பளமே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்கள். இத்தனைக்கும் மலேசியாவிலிருந்து வந்த ஒரே கமெண்ட், ‘சவுண்டு வரல, செக் பண்ணவும்.’ அது என் வேலை என்பதால் பழி என் மேல்.

பிறகு ஸ்லோமோஷன். சினிமாவில் வருவதுபோல மணப்பெண் மெதுவாக நடந்து வர வேண்டும். எடிட் செய்கிறவர்களுக்கு அது சுலபம். நேரலையில் அதை எப்படிச் செய்வது? வேறு யாராக இருந்தாலும் முடியாது என்று விட்டிருப்பார்கள். நேரலையார் மணப்பெண்ணையே மெதுவாக நடக்கச் சொல்லிவிட்டார்.

“காலத் தூக்கு. தூக்கிட்டியா? அங்கனையே வச்சிரு. தலைய மட்டும் திருப்பு. மெதுவா. இப்ப சிரி. மெதுவாச் சிரி.”

கோயில் வாசலிலிருந்து பீடத்துக்கு இருபது எட்டு வைத்தால் போதும். பாடகர் குழு வருகைப் பாடலை நான்கு தடவை பாடிவிட்டு, ஐந்தாவது தடவை வேறு வழியில்லாமல் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போய்விட்டது. பீடத்தடியில் வியர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாத்தா, “என்னப்பா, புள்ளைக்கு விருப்பமில்லையோ?” என்று சத்தமாகவே கேட்டார்.

அப்புறம் போனை நெட்டுக்குத்தலாகப் பிடிக்கிற காலம். “குறுக்க எடுத்தா இப்ப யாரும் பாக்குறதில்ல டீச்சர், எல்லாம் நெட்டுக்கத்தான்.” சரி, நெட்டுக்க எடுக்கட்டும். ஆனால் குடும்பப் படம் என்றால் மனிதர்கள் குறுக்காகத்தானே நிற்பார்கள்? ஒரு கல்யாண வெள்ளி விழாவுக்கு மொத்தக் குடும்பத்தையும் பாடகர் மாடத்து ஏணிப்படியில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக ஏற்றி நிறுத்தினார். குடும்பத்துக்கு மூத்தவர் உச்சியில். படம் பிரமாதமாக வந்தது. மூத்தவர்தான் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறதாம். டீயும் பன்னும் மேலே அனுப்பி, கயிறு கட்டி, சாயங்காலத்துக்குள் இறக்கினோம்.

இதையெல்லாம் நான் ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆசிரியர் அறையில் நடித்தே காட்டியிருக்கிறேன். அடுத்த வீட்டு விசேஷம் கெட்டுப்போனால் எனக்குச் சிரிப்பு நன்றாகவே வரும். என் வீட்டு முறை வந்தது.

எனக்கு ஒரே தங்கை, ரெஜினா. அப்பா அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன், அவள் அப்படி இல்லை. முதலில் வந்த வரன் நிச்சயத்துக்கு முன்பே வெளிநாடு போய் அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டது. இரண்டாவது வரன் நிச்சயம் வரைக்கும் வந்து, ஒரு மொட்டைக் கடிதத்தில் நின்றது. எழுதினது யார், என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் யாரும் வரவில்லை. முப்பத்து நான்கு வயதில், குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஆரோக்கியம் வந்தார். கோயம்புத்தூரில் மில் வேலை. வாயில்லாப் பூச்சி. வாயெல்லாம் அவருடைய அம்மாவிடம் இருந்தது. அலைந்து, விசாரித்து, பேசி முடித்தது நான்தான்.

எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று. யாரும் எதுவும் தெரிவித்ததாகச் சரித்திரமில்லை. ஓலை வாசிக்கும்போது பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள்.

முதல் ஓலை ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரலையார் கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்தார்.

“டீச்சர், ட்ரெண்டு மாறிருச்சு.”

நான் அவர் கழுத்தில் தொங்கிய போனைக் கையால் மூடினேன். “இன்னைக்கு மட்டும் எதுவும் செஞ்சுராதீங்க. மெதுவா நடக்க ரெஜினா வரல, அவ வீட்டுல இருக்கா.”

“அதெல்லாம் பழசுங்க. இப்ப பாக்குறவங்கள சும்மா பாக்க விடக் கூடாது. எதையாவது அமுக்க விடணும். அமுக்குனாத்தான் நம்ம ஆளுன்னு அர்த்தம்.”

அதன் அர்த்தம் பூசை முடியும்போது எனக்குப் புரிந்தது. நான் பக்கவாட்டு பெஞ்சில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். சாமியார் ஓலையை வாசித்து, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று முடித்த அதே நொடியில் போன் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. ‘ரெஜினா கல்யாணத்துக்குத் தடை உண்டா?’ மேலே ‘உண்டு’. கீழே ‘இல்லை’. அமுக்கச் சொல்லி ஒரு விரல் படம் வேறு.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் பல். “டீச்சர், ஒங்க தங்கச்சிக்குச் செம ரெஸ்பான்ஸ்! நூத்திப் பத்துப் பேரு தடை இல்லன்னு போட்டுருக்காங்க. பத்தொம்போதே பத்தொம்போது பேருதான் உண்டுன்னு.”

“பத்தொம்பது பேரா?”

“நூத்திப் பத்துக்கு முன்னாடி பத்தொம்போது பெரிசாங்க? எலெக்‌ஷன்னா டெபாசிட் காலி.”

எலெக்‌ஷன் இல்லையே. ஆரோக்கியத்தின் தாய்மாமன் தோகாவில் இருந்து அதைப் படம் பிடித்து, குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சம்பந்தியம்மாவின் போன்.

“ஏம்மா டீச்சர், பத்தொம்போது பேரு வேணாங்குறாங்களாமே? ஒருத்தரு ரெண்டு பேருன்னா பொறாமைன்னு விட்ரலாம். பத்தொம்போது பேருக்குத் தெரிஞ்ச விசயம் எங்களுக்குத் தெரிய வேணாமா?”

நான் எவ்வளவோ சொன்னேன். சாமியாரும் பேசினார். ‘இதெல்லாம் திருச்சபைச் சட்டப்படி தடையே இல்லம்மா’ என்று அவர் சொன்னதற்கு, “சட்டத்துக்கு இல்ல சாமி, எனக்கு இருக்கு” என்றார் அந்தம்மா. கடைசியில் முடிவாகச் சொன்னது இதுதான்: அந்தப் பத்தொன்பது பேரும் யார், எதற்காகப் போட்டார்கள் என்று பேரோடு தெரிந்தால்தான் அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. இல்லையென்றால் வேறு இடம். ஆரோக்கியத்திடம் கேட்டேன். ‘அம்மா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்’ என்றது பூச்சி.

ரெஜினா அலமாரியில் தொங்கிய கல்யாணச் சேலையை எடுத்து, கடைக்காரன் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே திரும்ப மடித்து வைத்தாள். “மொட்டைக் கடுதாசிக்கு ஒரு ஆளு. இப்பப் பத்தொம்போது” என்று மட்டும் சொன்னாள். நான் நேராக மைக்செட் கடைக்குப் போய், பத்தாம் வகுப்புப் பையன்களிடம்கூடப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். நேரலையார் தலையைத் தூக்கவில்லை.

“யார் யாருன்னு அதுலயே பாக்க முடியாதா?”

“எத்தன பேருன்னுதாங்க காட்டும். பேரக் காட்டாது.”

“அப்ப நீங்களே கண்டுபுடிங்க.”

திங்கட்கிழமை மத்தியானம் அவருடைய சேனலில் ஒரு நேரலை வந்தது. அதுவரை அவர் முகம் சேனலில் வந்ததே இல்லை. ‘என் மூஞ்சியப் போட்டா பாக்குறவங்க ஓடிருவாங்க’ என்பார். அன்றைக்கு மைக்செட் கடைக்குள் ஸ்டூல் போட்டு, போனுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அம்புக்குறி இல்லை, பாட்டு இல்லை, ‘வணக்கம் மக்களே’ இல்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஆசிரியர் அறையில் பார்த்துக்கொண்டிருந்த நான் சத்தம்தான் வரவில்லை என்று நினைத்தேன்.

“நாந்தாங்க பேசுறேன்” என்று ஆரம்பித்தார். “ஒங்க வீட்டு விசேசமெல்லாம் போடுவேன்ல, அவன்தான். நேத்து ஓலை வாசிக்கையில ஒரு பொட்டி வச்சேன். வெளையாட்டா வச்சேன். ஒரு புள்ளையோட கல்யாணம் அதுல மாட்டிக்கிச்சு. தப்பு எம்மேலதான். உண்டுன்னு அமுக்குனவங்க தயவுபண்ணிக் கூப்புடுங்க. ஏன் அமுக்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். கூப்புடுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன், இங்கிட்டுத்தான் ஒக்காந்திருப்பேன்.”

சொன்னபடி உட்கார்ந்திருந்தார். முதல் அழைப்பு வர முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஸ்பீக்கரில் போட்டு, மடியில் நோட்டை விரித்து எழுதத் தயாரானார்.

“மாமா, நான் குவைத்துலேர்ந்து பேசுறேன். எத்தன பேரு என்ன போட்டுருக்காங்கன்னு பாக்கணும்னா எதையாவது அமுக்குனாத்தான் காட்டுவேங்குது. மேல இருந்தத அமுக்கிட்டேன்.”

இந்த வகையில் மட்டும் ஏழு பேர். சிங்கப்பூரில் ஒரு அம்மாவின் போனை இரண்டு வயதுப் பிள்ளை நக்கியதில் ஒரு ஓட்டு. சென்னையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கூப்பிட்டார்.

“நான் அந்தப் பொண்ணுக்குப் போடலப்பா. சாமியார் பிரசங்கத்துக்குப் போட்டேன். நாப்பது நிமிசம் பேசுறாரு. யாராச்சும் தடை போட வேணாமா?”

திருப்பூரிலிருந்து ஒருவர், “நான் பொதுவாக் கல்யாணமே வேணாம்னு போட்டேங்க” என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “யாருட்ட பேசுற? போனக் குடு இங்கிட்டு” என்றது. அதற்கு மேல் கேட்கவில்லை. நேரலையார் நோட்டில் ‘திருப்பூர், சொந்தப் பிரச்சனை’ என்று எழுதிக்கொண்டார்.

திங்கள், செவ்வாய், புதன் என்று தினமும் மத்தியானம் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை குவைத்துக்கு லீவு, கூட்டம் அலைமோதியது. ஸ்லோமோஷனுக்கும் அம்புக்குறிக்கும் வராத ஜனம், ஒரு மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கு பதினெட்டில் நின்றது. இன்னும் ஒன்று.

ரெஜினா தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பாள். “வந்துருச்சாக்கா?” அன்றைக்கும் கேட்டாள். “ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி” என்றேன். “அந்த ஒரு ஆளுக்கு நான் என்னக்கா செஞ்சேன்?” என்றாள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கிய வாசலைப் பெருக்கப் போனேன்.

அந்த ஒரு ஆள் நான்தான்.

எப்படி என்று கேட்டால் எனக்கும் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் அவள் பெயரை வாசித்தார். இன்னும் ஒரு மாதத்தில் கோயம்புத்தூருக்குப் போய்விடுவாள் என்பது அதுவரை எனக்கு ஒரு வேலை மாதிரி இருந்தது. சமையல்காரரைப் பார்ப்பது, பத்திரிகை அடிப்பது மாதிரி. அந்த நொடியில்தான் அது உறைத்தது. அவள் போன பிறகு சாம்பாரில் உப்பு அதிகம் என்று யாரிடம் சண்டை போடுவேன்? திரையில் ‘தடை உண்டா?’ என்று கேட்டது. உண்டு என்று எனக்குத் தெரிந்தது. விரல் போய்விட்டது. நான் நடத்தி வைத்த கல்யாணத்துக்கு நானே தடை போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஊரையெல்லாம் திட்டினேன். கரும்பலகையில் கிறுக்கியவன் யார், உண்மையைச் சொல் என்று அதே வாரம் எட்டாம் வகுப்பை முழங்கால் போட வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மைக்செட் கடைக்குப் போனேன். நேரலையார் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஒங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“நானும் சொல்லணுங்க. நான் முந்திக்கிறேன்” என்று நோட்டை நீட்டினார். “பத்தொம்போதாவது ஆளு கெடச்சுட்டாரு.”

பத்தொன்பதாவது வரியில் எனக்குத் தெரியாத ஒரு பெயர் இருந்தது. அடைப்புக்குள் ‘மைக்செட்’ என்று போட்டிருந்தது. அப்போதுதான் அவருடைய ஞானப்பெயர் எனக்குத் தெரிய வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். இருக்கக் கூடாத பட்டியலில் இருந்த பெயர் அது.

“வேல செய்யுதான்னு டெஸ்ட்டுக்கு நானே அமுக்குனதுங்க. மறந்துபோச்சு.”

“பொய்.”

அவர் வயரைச் சுற்றி முடித்து ஆணியில் மாட்டினார். “டீச்சர், அன்னைக்கு நான் ஒங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன். அமுக்குன கையயும் பாத்தேன். அப்பறம் கண்ணத் தொடச்ச கையயும் பாத்தேன். அதெல்லாம் லைவுல போற விசயமா? போங்க, அந்தப் புள்ளைய சேலய வெளிய எடுத்து வைக்கச் சொல்லுங்க.”

தன் விஷயம், பிறர் விஷயம் என்று பார்க்காமல் ஊரில் நடந்த அத்தனையையும் உலகத்துக்குப் போட்டுக் காட்டிய மனிதர் அவர். இதை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலைக்குச் சம்பந்தியம்மாவே நேரில் வந்துவிட்டார். நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பத்தொன்பதாவது வரிக்கு வந்ததும் ஆரம்பித்தது. கோயில் வாசலில், மொத்த ஊரும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்க, கால் மணி நேரம். “ஊரான் வீட்டுக் கல்யாணம் ஒனக்கு டெஸ்ட்டு பண்ற பொருளாய்யா? ஒனக்கு ஒரு பொண்ணு இருந்தா இப்புடி அமுக்குவியா?” அவர் கையைக் கட்டிக்கொண்டு, “தப்புதாங்க, தப்புதாங்க” என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். ஜெபப் புத்தகத்தை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நேரலையார் போன் எடுத்து வரக் கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டு நிபந்தனை. திருச்சியிலிருந்து டிரோனோடு ஒரு கூட்டம் வந்தது. அது பறந்ததில் பாதிப் பேருக்குச் சாமியார் சொன்னது கேட்கவில்லை. நேரலையார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு தடவை மடியிலும் ஒரு தடவை பையிலும் வைத்துக்கொண்டிருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோது எல்லாருக்கும் முன்னால் கை தட்டியது அவர்தான்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. சம்பந்தியம்மா இன்றும் ஊர்ப் பக்கம் வந்தால் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவரும் அதற்குத் தகுந்தவர்போலவே தலையைக் குனிந்துகொள்கிறார். நேற்றுகூட பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முகமே காட்டாமல் கம்ப்யூட்டர் குரலை வைத்துப் பேச விடுவதுதான் இனிமேல் ட்ரெண்டு என்றார். அடுத்த எழவு வீட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ரெஜினா, நான் இதை எழுதியிருக்கும் வாரப் பத்திரிகை கோயம்புத்தூரில் வெள்ளிக்கிழமையே வந்துவிடும். நேரில் சொல்லத் துணிச்சல் வராததால் ஊரறியச் சொல்கிறேன். அடுத்த மாதம் உன் மகளுக்குக் காது குத்து. நமக்கு அண்ணன் தம்பி இல்லையே, பிள்ளையை எந்த மாமன் மடியில் வைத்துக் குத்துவது என்று போனில் அழுதாயே. நேரலையாரைக் கூப்பிடு. அவர் மடியில் வை. உன் மாமியார் காரணம் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடு. நேரலையார் வழக்கம்போல மூன்று போனோடு வருவார், மூன்றையும் வாங்கி என்னிடம் கொடுத்துவிடு. அன்றைக்கு நேரலை நான் போடுகிறேன்.